மேகக் கணிமையும் மையக் காப்புப் பிரதியும்: எமது வர்த்தகர்கள் அறிந்திருக்க வேண்டியவை

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைத் தளம், கப்பம் கோரும் மென்பொருள் ஒன்றின் தாக்குதலுக்கு இலக்கானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்கள் பயன்படுத்தி வந்த சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் இதனால் பாதிக்கப்பட்டன. அவ்வருடம் மே மாதம் 17ஆம் திகதி தொடக்கம் தாக்குதல் நிகழ்ந்த தினம் வரையிலான மின்னஞ்சல்கள் மீளப் பெறமுடியாதவாறு அழிந்துபோயின. ஒரு நாட்டின் நிர்வாகத்தினுடைய 100 நாட்களுக்கும் மேற்பட்ட கடிதப் போக்குவரத்து இல்லாமற் போனது.

இச்சம்பவத்தில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. அரசாங்கத்திடம் காப்புப் பிரதி இருக்கவே செய்தது. சுமார் 12 மணித்தியாலங்களுக்குள் சேவையகங்களை மீண்டும் இயங்கச் செய்ய முடிந்ததும் அதனாலேயேயாகும். ஆயினும் குறிப்பிட்ட அக்காலப்பகுதிக்குரிய பிரதிகள், தாக்குதலுக்கு எட்டக்கூடிய அதே வலையமைப்பிலேயே வைக்கப்பட்டிருந்தமையால் மூலத் தரவுகளுடன் சேர்த்து அவையும் பூட்டப்பட்டுவிட்டன. வலையமைப்பிலிருந்து துண்டித்துத் தனியே வைக்கப்பட்ட பிரதி எதுவும் அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை. பயன்படுத்தப்பட்ட மின்னஞ்சல் மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பாகும். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2023 ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. நிதிப் பற்றாக்குறை காரணமாகவும் முன்னைய தீர்மானங்கள் காரணமாகவும் அதனைப் புதுப்பிப்பது தாமதமடைந்ததாக அதிகாரிகள் பின்னர் விளக்கமளித்தனர்.

அரசாங்கத்துக்கே இந்நிலையெனில், இரண்டு மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு வியாபாரம் நடத்தும் எமது வர்த்தகர்களின் நிலை என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுகின்றது. இன்று பல நிறுவனங்கள் தமது தரவுகளை மேகக் கணிமையில் வைத்து வருகின்றன. அது வரவேற்கத்தக்கதே. எனினும் 'மேகத்தில் இருக்கின்றது, ஆகவே பாதுகாப்பாக இருக்கின்றது' என்ற எண்ணம் எந்தளவுக்குச் சரியானது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஆவணத்தின் பெறுமதி

ஆவணங்களை இழப்பதென்பது எமது சமூகங்களுக்குப் புதிய அனுபவமன்று. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி நள்ளிரவில் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாகின. அச்சிட்ட நூல்களிற் பலவற்றுக்கு வேறிடங்களிலிருந்து பிரதிகள் தேடிப் பெறப்பட்டன. பிரதியெடுக்கப்படாத சுவடிகளோ என்றென்றைக்குமாகப் போய்விட்டன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலானோர் காணி உறுதிகளையும் வியாபாரக் கணக்குகளையும் விட்டுவிட்டே புறப்பட நேர்ந்தது. தமது காணி தம்முடையதுதான் என நிரூபிப்பதற்காக அவர்கள் பின்னர் அலைந்த அலைச்சல் சொல்லுந்தரமன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி கிழக்குக் கரையோரத்தின் கடைகளையும் அலுவலகங்களையும் அவற்றிலிருந்த ஏடுகளோடு அள்ளிச் சென்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியினால் ஏற்பட்ட வெள்ளமும் மண்சரிவும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டதோடு, மலையகத்திலிருந்து களனி ஆற்றங்கரை வரை எண்ணற்ற வர்த்தக நிலையங்களைச் சேற்றில் மூழ்கடித்தது.

இவை யாவற்றிலும் பொதுவாகத் தென்படுவது ஒன்றேயாகும். இருந்தது ஒரு பிரதி. அதுவும் ஓரிடத்தில் இருந்தது. அவ்விடத்துக்கு ஆபத்து நேர்ந்தபோது ஆவணமும் அழிந்தது.

முன்னர் கடன் கொப்பியிலும் பேரேட்டிலும் இருந்தவை இப்போது கணினிக்குள் சென்றுவிட்டன. யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், களஞ்சியத்தில் என்ன இருக்கின்றது, எந்த ஊழியருக்கு எத்தனை மாதம் ஊழியர் சேமலாப நிதி செலுத்தப்பட்டது ஆகிய அனைத்தும் ஒரு வன்தட்டில் அடங்கியுள்ளன. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களுக்குச் சட்ட ரீதியான அங்கீகாரத்தை வழங்கியுள்ளது. ஆகவே கணினித் தரவை இழக்கும் வர்த்தகர் தமது கைக்கணக்கை மாத்திரமன்றிச் சான்றையும் இழக்கின்றார். கடன்பட்டவர் மறுத்தால் காட்டுவதற்கோ, வரித் திணைக்களம் கடந்த வருடங்களின் கணக்கைக் கேட்டால் சமர்ப்பிப்பதற்கோ அவரிடம் எதுவும் இருக்காது.

மையப்படுத்துதல் என்பது யாது?

மேகக் கணிமை என்பதில் மாயம் எதுவுமில்லை. எமது தரவுகளை எமது கட்டடத்தில் உள்ள கணினியில் வைப்பதற்குப் பதிலாக, வேறொருவர் நடத்தும் பாரிய தரவு மையத்தில் வாடகைக்கு இடம் எடுத்து, இணையத்தின் வழியே அங்கு வைத்துப் பயன்படுத்துவதே அதுவாகும். அமேசன், மைக்ரோசொப்ட், கூகிள் போன்ற நிறுவனங்கள் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய மையங்களை நடத்துகின்றன. உள்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இச்சேவையை வழங்கி வருகின்றன.

மையப்படுத்தப்பட்ட காப்புப் பிரதி எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம். புறக்கோட்டையில் தலைமை அலுவலகத்தையும் யாழ்ப்பாணம், கல்முனை, கண்டி ஆகிய நகரங்களில் கிளைகளையும் கொண்ட மொத்த வியாபார நிறுவனமொன்றை எடுத்துக்கொள்வோம். வழமையான முறையில், ஒவ்வொரு கிளையின் பொறுப்பாளரும் மாலையில் கடையை மூடும்போது அன்றைய கணக்கை ஒரு பென்டிரைவில் பிரதியெடுத்து மேசை லாச்சிக்குள் வைப்பார். ஒரு கிளையில் இது தினமும் நடக்கும். இன்னொன்றில் வாரத்துக்கு ஒருமுறை நடக்கும். மற்றொன்றில் பொறுப்பாளர் விடுமுறையில் சென்ற நாள் முதல் நடந்திருக்காது. எங்கு என்ன நடக்கின்றது என்பது உரிமையாளருக்குத் தெரியாது. கடைக்குத் தீப்பிடித்தால் கணினியோடு பென்டிரைவும் எரிந்துவிடும்.

மையப்படுத்தப்பட்ட முறையில் ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவப்படுகின்றது. அது குறித்த நேரத்தில், பெரும்பாலும் இரவில், யாருடைய நினைவூட்டலையும் எதிர்பாராமல் தானே இயங்குகின்றது. முதற் தடவை முழுத் தரவையும் பிரதியெடுக்கும். அதன் பின்னர் மாறிய பகுதிகளை மாத்திரமே அனுப்பும். ஒரே விலைப்பட்டியல் நான்கு கிளைகளிலும் இருப்பின் அதனை ஒரு தடவை மாத்திரம் சேமித்து இடத்தை மிச்சப்படுத்தும். அனுப்புவதற்கு முன்னரே தரவை மறைகுறியாக்கி, வழியில் இடைமறிப்பவரால் வாசிக்க முடியாதவாறு செய்யும். எந்தக் கிளையின் பிரதி வெற்றிகரமாக முடிந்தது, எந்தக் கிளையினது தவறியது என்பதைத் தலைமை அலுவலகத்தில் இருப்பவர் ஒரே திரையில் காலையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முதற் பிரதியை அனுப்புவதற்கு எடுக்கும் காலத்தை வர்த்தகர்கள் குறைத்து மதிப்பிட்டுவிடுகின்றனர். இணைய இணைப்பின் வேகம் என விளம்பரங்களில் சொல்லப்படுவது பெரும்பாலும் தரவிறக்க வேகமாகும். தரவேற்ற வேகம் அதனிலும் குறைவாகவே இருக்கும். விநாடிக்கு 10 மெகாபிட் என்ற தரவேற்ற வேகத்தில் 200 ஜிகாபைட் தரவை அனுப்புவதற்குச் சுமார் 44 மணித்தியாலங்கள் வேண்டும். 1 டெராபைட் ஆயின் ஒன்பது நாட்களுக்கு மேலாகும். ஆகவே எதனைப் பிரதியெடுக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானிப்பது அவசியமாகும். கணக்குத் தரவு, ஒப்பந்தங்கள், ஊழியர் விபரங்கள், வாடிக்கையாளர் விபரங்கள் என்பன முதலிடம் பெறவேண்டும். பழைய விளம்பரக் காணொளிகள் பிற்பாடு போகலாம்.

ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு

பலரிடத்தில் காணப்படும் மயக்கமொன்றை இவ்விடத்தில் தெளிவுபடுத்துவது பொருத்தமானது. கூகிள் டிரைவ், வன் டிரைவ் போன்ற சேவைகளில் ஒரு கோப்புறையை இணைத்துவிட்டால் அதுவே காப்புப் பிரதி எனப் பலர் கருதுகின்றனர். இச்சேவைகளின் அடிப்படைப் பணி ஒத்திசைவாகும். அதாவது கணினியில் நடக்கும் மாற்றம் எதுவாயினும் அது மேகத்திலும் உடனே நடக்கும். ஊழியர் ஒருவர் தவறுதலாகக் கோப்பை அழித்தால் அங்கும் அது அழியும். கப்பம் கோரும் மென்பொருள் கணினியிலுள்ள கோப்பைப் பூட்டினால் பூட்டப்பட்ட கோப்பே மேகத்தையும் சென்றடையும். முன்னைய பதிப்புகளை மீளப்பெறும் வசதி ஓரளவு உண்டெனினும் அதற்குக் கால எல்லை உள்ளது. கூகிள் டிரைவின் குப்பைக் கூடைக்குச் சென்ற கோப்பு 30 நாட்களின் பின்னர் நிரந்தரமாக அழிக்கப்படுகின்றது. மூன்று மாதங்களுக்கு முன்னர் அழிந்த கோப்பைக் கணக்காய்வாளர் கேட்கும்போதே பலர் அதனைத் தேடத் தொடங்குகின்றனர்.

மேகச் சேவையை வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு எதுவரை என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். கட்டடம், மின்சாரம், சேவையகங்கள், வலையமைப்பு என்பவற்றை அந்நிறுவனம் பார்த்துக்கொள்ளும். தரவுக்கும் கடவுச்சொற்களுக்கும் பொறுப்பு வாடிக்கையாளரேயாவார். மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது சேவை உடன்படிக்கையிலேயே, வாடிக்கையாளர்கள் தமது தரவுகளைத் தாமே கிரமமாகப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கின்றது. வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர் கூரைக்குப் பொறுப்பேற்பார். அலுமாரிக்குள் இருக்கும் நகைக்கு அவர் பொறுப்பேற்பதில்லை.

ஒரே மையத்தின் ஆபத்து

சிதறிக் கிடப்பதை ஒன்று சேர்ப்பதால் ஒழுங்கு கிடைக்கின்றது. அதேவேளை, ஒன்று சேர்த்த அனைத்தும் ஒரே நாளில் போய்விடும் அபாயமும் கூடவே வருகின்றது. இதற்கு அண்மைக்காலத்தின் மிகப் பெரிய உதாரணம் தென்கொரியாவாகும்.

2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் டேஜோன் நகரில் அமைந்துள்ள அரசாங்கத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலத் தொகுதியொன்றிலிருந்து தீ பரவியது. நூற்றுக்கணக்கான அரச இணையச் சேவைகள் முடங்கின. அவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு வேறிடங்களில் பிரதிகள் இருந்தமையால் படிப்படியாக மீளமைக்கப்பட்டன. ஆனால் அரச ஊழியர்கள் தமது பணிக் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 'ஜி டிரைவ்' என்னும் மேகச் சேமிப்பகம் முற்றாக எரிந்தது. அதிலிருந்த 858 டெராபைட் தரவுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. கொள்ளளவு மிகப் பெரிதாக இருந்தமையால் பிரதியெடுக்க முடியாதிருந்தது எனக் காரணம் கூறப்பட்டது. பணிக் கோப்புகளை மேசைக் கணினிகளில் வைக்காது இச்சேமிப்பகத்திலேயே வைக்கவேண்டும் என ஊழியர்களுக்கு ஏற்கனவே அறிவுறுத்தப்பட்டிருந்தது. அவ்வறிவுறுத்தலை ஒழுங்காகப் பின்பற்றிய அலுவலகங்களே கூடுதலாக இழந்தன. தகவல் தொழில்நுட்பத்தில் உலகின் முன்னணியில் நிற்கும் நாடொன்றில் இது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தீயும் வெள்ளமும் மாத்திரம் ஆபத்தன்று. நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் ஒன்று பிறர் கையிற் சிக்கினாலும் போதுமானது. 2014 ஜூனில் 'கோட் ஸ்பேசஸ்' என்னும் நிறுவனத்தின் மேகக் கணக்குக்குள் நுழைந்த ஒருவர் கப்பம் கோரினார். நிறுவனத்தினர் கணக்கை மீளக் கைப்பற்ற முயன்றதும் அவர் தரவுகளையும் காப்புப் பிரதிகளையும் அழிக்கத் தொடங்கினார். சுமார் 12 மணித்தியாலங்களில் நிறுவனமே இழுத்து மூடப்படும் நிலைக்கு வந்தது. மூலமும் பிரதியும் ஒரே கணக்கின் கீழ், ஒரே திறப்பினால் திறக்கக்கூடியதாக இருந்தமையே அதற்குக் காரணமாகும்.

இதற்கு மாறாக நற்பயன் தந்த சம்பவமொன்றும் உள்ளது. அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்பது 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஓய்வூதியச் சேமிப்பு நிதியமாகும். 2024 மே மாதத்தில் கூகிள் மேகச் சேவையில் நேர்ந்த அமைப்புத் தவறொன்றினால் இந்நிதியத்தின் தனியார் மேகச் சந்தா நீக்கப்பட்டது. இரு வெவ்வேறு புவியியற் பகுதிகளில் தரவு இரட்டிப்பாக வைக்கப்பட்டிருந்தபோதும், சந்தாவே நீக்கப்பட்டமையால் இரண்டும் ஒருங்கே இல்லாமற் போயின. ஆயினும் நிதியம் வேறொரு சேவை வழங்குநரிடமும் தனியே காப்புப் பிரதி வைத்திருந்தது. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேலாகத் தமது கணக்குகளைப் பார்க்க முடியாமல் இருந்தனர் எனினும் நிதியம் மீண்டெழுந்தது. நிறுவனமொன்று எவ்வளவு பெரியதாயினும் அதன் ஒரு கையை மாத்திரம் நம்பியிருத்தல் ஆகாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மூன்று, இரண்டு, ஒன்று

இவ்வனுபவங்களின் சாரத்தை எளிய விதியொன்றாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான பீற்றர் க்ரோக் என்பவர் தமது தொழிலின் படங்களைப் பாதுகாப்பதற்காக எடுத்துக்கூறிய இவ்விதி இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகின்றது. தரவுக்கு மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகையான ஊடகங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். கப்பம் கோரும் மென்பொருட்கள் பெருகிய பின்னர் இதனுடன் இன்னொன்றும் சேர்க்கப்பட்டுள்ளது. வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட அல்லது குறித்த காலத்துக்கு எவராலும் மாற்றவோ அழிக்கவோ இயலாத பிரதியொன்று இருக்க வேண்டும் என்பதே அதுவாகும்.

சிறு நிறுவனமொன்றுக்கு இது எட்டாத காரியமன்று. அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் உள்ளது முதற் பிரதி. மையப்படுத்தப்பட்ட மேகச் சேவைக்கு இரவில் செல்வது இரண்டாவது. வாரத்துக்கு ஒருமுறை வெளி வன்தட்டொன்றில் எடுத்து, வடத்தைக் கழற்றி, கடையல்லாத வேறொரு கட்டடத்தில் பூட்டி வைப்பது மூன்றாவது. வெள்ளம் பெருகும் பகுதியில் கடை இருப்பின் அவ்வன்தட்டு மேட்டு நிலத்தில் இருப்பது நல்லது. மேகக் காப்புப் பிரதிக்கான நிர்வாகக் கடவுச்சொல் அன்றாடப் பாவனைக்குரியதிலிருந்து வேறாக இருக்க வேண்டும். கைத்தொலைபேசிக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு முறையை அதற்குக் கட்டாயமாக்க வேண்டும். தரவை மறைகுறியாக்கும் திறப்புச் சொல்லைக் காகிதத்தில் எழுதி இரு பொறுப்புள்ளவர்களிடம் பத்திரப்படுத்த வேண்டும். அதனை இழந்தால் பிரதி கையிலிருந்தும் பயனில்லை.

எத்தனை காலத்துப் பிரதிகளை வைத்திருப்பது என்பதும் முக்கியமானது. தீங்கு விளைவிக்கும் மென்பொருள் கணினிக்குள் புகுந்து வாரக்கணக்கில் மறைந்திருந்து பின்னரே வெளிப்படுவதுண்டு. நேற்றைய பிரதி மாத்திரம் இருப்பின் அதிலும் அது ஒளிந்திருக்கக்கூடும். கடந்த ஒரு மாதத்தின் தினசரிப் பிரதிகள், கடந்த ஒரு வருடத்தின் மாதாந்தப் பிரதிகள், அதற்கு முந்திய ஆண்டுகளின் வருடாந்தப் பிரதிகள் என வைத்திருப்பது சிறு நிறுவனங்களுக்குப் போதுமான ஏற்பாடாகும்.

மீட்டெடுத்துப் பார்த்தீர்களா?

காப்புப் பிரதி எடுக்கும் நிறுவனங்களிற் பல அதனை ஒருபோதும் மீட்டெடுத்துப் பார்ப்பதில்லை. மென்பொருள் உருவாக்குநர்கள் தமது நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் திகதி நடந்ததைக் கேட்டால் இதன் பாரதூரம் புரியும். களைப்புற்றிருந்த பொறியியலாளர் ஒருவர் பிழையான சேவையகத்தில் கட்டளையிட்டதால் முதன்மைத் தரவுத்தளம் அழிந்தது. காப்புப் பிரதிக்கென அந்நிறுவனத்தில் பல ஏற்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தபோது எதுவும் கைகொடுக்கவில்லை. தினசரிப் பிரதி எடுக்கும் மென்பொருளின் பதிப்புப் பொருந்தாமையால் அது நீண்ட நாட்களாகத் தோல்வியடைந்து வந்திருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு வந்தமையால் எவருக்கும் அது தெரியவில்லை. ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்ட பிரதியொன்றே நிறுவனத்தைக் காப்பாற்றியது. நடந்தவற்றை மறைக்காமல் அந்நிறுவனம் பகிரங்கமாக வெளியிட்டமையால் உலகமே அதிலிருந்து பாடம் கற்க முடிந்தது.

ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய இரு கேள்விகள் உள்ளன. எத்தனை மணித்தியாலத் தரவை இழந்தால் எம்மால் தாங்கிக்கொள்ள முடியும்? எத்தனை மணித்தியாலங்கள் வேலை நின்றால் எம்மால் தாங்கிக்கொள்ள முடியும்? முதற் கேள்விக்கான விடை எத்தனை தடவை பிரதியெடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். இரண்டாவதற்கான விடை எவ்வகையான சேவையைப் பெறவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். மேகத்திலிருந்து 1 டெராபைட் தரவை விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் இறக்கினாலும் சுமார் 44 மணித்தியாலங்கள் செல்லும். நோன்புப் பெருநாளுக்கோ தீபாவளிக்கோ முந்திய வாரத்தில் இரண்டு நாட்கள் பற்றுச்சீட்டுப் போட முடியாமல் இருப்பது ஒரு துணிக்கடைக்கு எத்தகைய நட்டம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய நிறுவனம் மேகப் பிரதியுடன் உள்ளூர்ப் பிரதியொன்றையும் கைவசம் வைத்திருப்பதே அறிவுடைமையாகும்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, வேறொரு கணினியில் பிரதியை மீட்டெடுத்து, கணக்கு மென்பொருள் திறக்கின்றதா, கடைசி நாளின் மிகுதி சரியாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அரை நாள் செலவிட்டால் போதும். அவ்வாறு பார்க்காத பிரதியைப் பிரதியென நம்புவதற்கில்லை.

செலவும் சட்டமும்

வெளிநாட்டு மேகச் சேவைகளின் கட்டணம் டொலரில் அறவிடப்படுவதை எமது வர்த்தகர்கள் மறந்துவிடலாகாது. 2022ஆம் ஆண்டின் மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி ஓரிரு மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியபோது, அதே சேவைக்கான செலவு ரூபாவில் ஏறத்தாழ இரட்டிப்பானது. கடனட்டைக் கொடுப்பனவு தவறினால் கணக்கு இடைநிறுத்தப்படவும் குறிப்பிட்ட காலத்தின் பின்னர் தரவு அழிக்கப்படவும் இடமுண்டு. சில சேவைகளில் தரவை வைப்பதற்கான கட்டணம் குறைவாகவும் திருப்பி எடுப்பதற்கான கட்டணம் அதிகமாகவும் இருக்கும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்னர், தரவு எந்த நாட்டில் வைக்கப்படுகின்றது, கொடுப்பனவு தவறினால் எத்தனை நாள் அவகாசம், சேவையிலிருந்து விலகினால் தரவை எவ்வாறு திரும்பப் பெறுவது ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கு கவனத்திற் கொள்ளத்தக்கது. வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், ஊழியரின் சம்பள விபரம் போன்றவற்றைத் திரட்டும் நிறுவனம் அவற்றின் இரகசியத்தன்மையையும் முழுமையையும் பாதுகாக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாகும். பிரதிகள் பெருகும்போது கசிவதற்கான வழிகளும் பெருகுகின்றன. ஆதலால் மறைகுறியாக்கம் செய்யப்படாத பிரதியை எங்கும் விட்டுவைக்கலாகாது.

கூட்டு முயற்சியின் தேவை

பெரு நிறுவனங்களுக்கு இவற்றைச் செய்வதற்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. பஸாரில் கடை நடத்தும் வியாபாரிக்கு அவ்வசதி இல்லை. இவ்விடத்தில் வர்த்தக சங்கங்கள் முன்வரலாம். பத்துப் பதினைந்து அங்கத்தவர்கள் ஒன்றிணைந்து நம்பகமான சேவை வழங்குநர் ஒருவருடன் பேசினால் கட்டணமும் குறையும், தொழில்நுட்ப உதவியும் கிட்டும். ஒவ்வொருவரின் தரவும் தனித்தனியே பூட்டப்பட்டிருப்பதை மாத்திரம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். உலகக் காப்புப் பிரதி தினமாக 2011 முதல் கடைப்பிடிக்கப்பட்டு வரும் மார்ச் 31ஆம் திகதியை, சங்க அங்கத்தவர்கள் தமது பிரதிகளை மீட்டெடுத்துப் பரீட்சித்துப் பார்க்கும் நாளாகப் பிரகடனப்படுத்தலாம். கூட்டுறவுச் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவற்றிடமும் அங்கத்துவப் பதிவேடுகளும் நன்கொடைக் கணக்குகளும் கணினியில் உள்ளன. அவற்றுக்கும் இவ்வேற்பாடு பொருந்தும்.

அரசாங்கமும் 2023இல் கற்ற பாடத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல், சிறு நிறுவனங்களுக்கான எளிய வழிகாட்டியொன்றைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடுவது போன்று தரமான தமிழிலும் வெளியிட்டுப் பிரதேச செயலகங்கள் வாயிலாகக் கொண்டுசேர்க்க வேண்டும். தொழில்நுட்ப எச்சரிக்கைகள் தமிழ் பேசும் வர்த்தகரை அவரது மொழியில் சென்றடையாவிட்டால் அவை வெளியிடப்பட்டும் பயனில்லை.

மேகக் கணிமை எமது வர்த்தகர்களுக்குக் கிடைத்துள்ள நல்லதொரு வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. முன்னர் வங்கிகளுக்கும் பெருங் கொம்பனிகளுக்கும் மாத்திரம் கட்டுப்படியான பாதுகாப்பை இன்று ஒரு சில்லறைக் கடையும் பெறக்கூடியதாக உள்ளது. கணக்கை ஒரு மையத்தில் சேர்ப்போம். அம்மையத்தின் கைக்கு எட்டாத இன்னொரு பிரதியையும் வைத்திருப்போம். இரண்டையும் இடையிடையே திறந்து பார்ப்போம். ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்து இழந்த அனுபவம் எமது இரு சமூகங்களுக்கும் வேண்டியளவு உண்டு. இனியும் அவ்வாறு இழப்போமாயின் அதற்குத் தீயையோ வெள்ளத்தையோ மாத்திரம் குறைகூற முடியாது என்பதே எமது கருத்தாகும்.